பவுசர் மழை

மூன்று நாள் வாடகைக்கு என் மெசினைக் கேட்டு வந்தார்கள்,
காலால் மிதிக்கிற பழைய சிங்கர்.
எழுபத்தெட்டாம் ஆண்டுக் கதையாம்.
"பீரியட் படம் அம்மா" என்றான் தொப்பி போட்ட தம்பி.
அதென்ன, என்று கேட்டேன்.
"பழைய காலம்."
சரி, என்றேன்.
அப்போது எனக்கு இருபத்திரண்டு.

கல்லடியில், கடற்கரைப் பக்கம், கூரை பிரித்த ஒரு வீடு.
கொழும்பிலிருந்து வந்த இரண்டு பிள்ளைகள்
தையல்காரியும் அவளுடைய சிநேகிதியுமாக.
சிநேகிதி என்று சொல்லும்போது தம்பியின் குரல் இறங்கியது,
நான் பயந்துவிடுவேனென்று.
அந்த வருசம் பிளவுஸ் கை இவ்வளவு நீளமில்லை
என்று மட்டும் சொன்னேன்.
பிரித்துத் தைத்தும் கொடுத்தேன். காசு வாங்கவில்லை.

மரகதவல்லி இதே மெசினுக்குப் பக்கத்தில்
நிலத்தில் இருந்துதான் கொக்கி தைப்பாள்,
நூலைப் பல்லால் அறுத்து அறுத்து.
மிதிக்கிற என் முழங்கால் அவள் தோளில் படும்.
படட்டும் என்று இருப்பாள்.
ஒரே குடிக்குள் கொள்ளக்கூடாது என்பது ஊர்க்கட்டு.
நாங்கள் வேறு வேறு குடி.
அந்த ஒன்றையாவது மீறவில்லை.

வீடு பெண்ணுக்குத்தான் எங்கள் பக்கத்தில்.
வளவு, கிணறு, ஆறு தென்னை, எல்லாம் என் பெயரில் உறுதி.
உள்ளே யார் படுப்பது என்பது மட்டும்
உறுதியில் எழுதாமலே முடிவாகியிருந்தது.

இரண்டாம் நாள் சூறாவளி எடுத்தார்கள்.
பவுசர் தண்ணீர் பீச்ச, பெரிய காற்றாடி இரண்டு இரைய,
பிள்ளைகள் மேசைக்குக் கீழே கட்டிப்பிடித்தார்கள்.
கட்.
தலைமயிர் நனைந்தது போதாது.
மறுபடி. கட்.
ஏழு தரம் பிடித்தார்கள், ஏழு தரம் விட்டார்கள்.

கார்த்திகை இருபத்துமூன்று.
பள்ளிக்கூட மண்டபத்தில் முந்நூறு பேர்.
தகரம் ஒவ்வொன்றாகக் கழன்று
இருட்டுக்குள் பறக்கிற சத்தம்.
தாய் பிள்ளையை, மருமகள் மாமியை,
கோயில் ஐயர் ஒரு சாராயக்கடை முதலாளியை.
யார் யாரைப் பிடித்திருக்கிறார்கள் என்று
எவரும் பார்க்காத ஒரே இரவு.
விடியும்வரை அவள் வாய் என் கழுத்தில் இருந்தது.
"பயமாக் கிடக்காகா?" என்றாள்.
இல்லை.
இதைச் சொல்ல இன்றைக்கும் வெட்கம்:
எங்கள் ஒழுங்கையிலேயே நாலு பேர் செத்தார்கள்,
காற்று நிற்கக்கூடாதென்று
நான் கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.

அவளுடைய வீடு தரைமட்டம்.
வீடில்லாத பெண்ணுக்குச் சீதனமில்லை.
திருக்கோவிலில் ஒரு பெரியம்மா வளவு கொடுத்து
அங்கேயே முடித்துவைத்தாள்.

ஆடி அமாவாசைக்குத் தீர்த்தமாடப் போவேன்.
இடுப்பளவு கடலில், அத்தனை சனத்துக்குள்,
அலை தள்ளியது போலத் தள்ளி வந்து நிற்பாள்.
கரையில் புருசன், துவாயோடு.
மூன்று முழுக்கு.
ஒரு வருசத்துக்கு அவ்வளவும்தான்.
தொண்ணூறில் பஸ் நின்றது.
மறுகா ஓடத் தொடங்கியபோது
நான் போய் விசாரிக்கவில்லை.
விசாரித்தால் ஒரு பதில் வரும்.

"அம்மா சூறாவளியைக் கண்டிருப்பீங்க, இப்பிடித்தானா?"
காற்றுக்கு இன்னும் சத்தம் வேணும், என்றேன்.
அந்தப் பிள்ளை கண்ணை மூடுறா. மூடவேண்டாம்.
"ஏன்?"
அவ்வளவு இருட்டு. மூடி என்னத்துக்கு?

எட்டாம் தரம் அவள் மூடவில்லை.
கட் என்று சொல்ல
அந்தத் தம்பிக்குச் சுணங்கியது.

படம் எப்ப வரும் என்று கேட்டேன்.
"இஞ்ச போடேலாது அம்மா. வெளிநாட்டில மட்டும்.
பிரச்சினை வரும்."
ஓம், என்றேன்.

மெசினை இறக்கிவைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.
ஊசியில் பச்சை நூல் கோத்தபடியே கிடக்கிறது.
நித்திரை இல்லை.
அந்த வளவுப் பக்கமிருந்து, விடாமல்,
பவுசர் தண்ணியை நம்பி
தவளைகள்.